கருப்பன் நம்பர்

"அவன் வந்து வெளக்கப் போடுறான், நீ அணைக்கற. சின்ன வயசுலருந்தே ஒங்க ரெண்டு பேருக்கும் இதே ரவுசு" என்றாள் செல்லியம்மாள்.

திருப்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில், எரிந்துபோன மோட்டார் ஒன்றிலிருந்து செப்புக் கம்பியை உருவிக்கொண்டிருந்த தீர்த்தகிரிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தது. மலைமேல் ஈட்டிமரத்தூரில், பக்கத்து வீட்டு ராணியம்மாளின் போனை வாங்கி அம்மா பேசுகிறாள். அவள் 'அவன்' என்றது கருப்பனை. கருப்பன் தீர்த்தகிரிக்கு அண்ணன். மாசி மாதம் புளி உலுக்க ஏறின மரத்திலிருந்து விழுந்து செத்துப்போய் நாலு மாதம் ஆகிறது.

"எம்மா, இன்னா பேசற நீ?"

"உள்ளதத்தான் பேசறேன். ஆறரைக்குக் கோழி அடைஞ்ச கையோட வெளக்கு தானா எரியுது. ஏழு மணிக்கு நின்னுடுது. மறுபடி ஒம்போதுக்கு எரிஞ்சா விடியற வரைக்கும் எரியுது. நீ ஏழுக்குத்தான போன் போடற?"

"ஆமா. ஏழுக்குப் போட்டா எரியும். காலைல ஆறுக்குப் போட்டா அணையும்."

"எங்க எரியுது? நீ போட்டா அணையுது. கருப்பன் வந்து வெளக்கப் போட்டுட்டு அக்கடான்னு ஒக்கார்றான், நீ அவன இருட்டுல தள்ளற. நீ ஒண்ணும் போட வேணாம் சாமி. அவம் பாத்துக்குவான்."

போனை ராணியம்மாள் வாங்கிக்கொண்டாள். "தீர்த்தா, நானும் பாத்தேன்டா. தோ, என் கண்ணால பாத்தேன். ஒங்கம்மா சுவிட்ச தொடவே இல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த விளக்குச் சமாச்சாரத்தைச் செய்து வைத்தவன் தீர்த்தகிரியேதான். அண்ணன் செத்த பிறகு அம்மா வீட்டில் விளக்குப் போடுவதை விட்டுவிட்டாள். யாருக்குப் போடணும் என்று கேட்டுக்கொண்டு இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். பலாப்பழம் பழுக்கிற காலம் வேறு, கரடி வீட்டுக் கொல்லை வரைக்கும் வரும். கீழே டவுனுக்கு வா என்றால் வரமாட்டாள். வாரம் ஒரு நாள் மேலே போய் வருகிறவன் தினமும் சாயங்காலம் விளக்குப் போட என்ன செய்வான்? கடைக்கு வரும் விவசாயிகள் போனிலிருந்தே கிணற்று மோட்டாரை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறான். ஆனால் அந்தப் பெட்டி விலை கட்டுப்படியாகாது. இவன் ஒரு பழைய பட்டன் போனைப் பிரித்தான். கால் வந்தால் அதிரும் சின்ன மோட்டாருக்குப் போகிற ஒயரை வெட்டி, கரண்டைப் போட்டு நிறுத்தும் ஒரு ரிலே பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஒரு கால் வந்தால் பல்பு எரியும், அடுத்த கால் வந்தால் அணையும். போனை யாரும் எடுக்க வேண்டியதில்லை, அதனால் பேசும் காசும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவில் அடக்கி, ரெண்டு வாரத்துக்கு முன்னால் மேலே போனபோது டவர் கிடைக்கிற மேற்குச் சுவரில், விட்டத்துக்குக் கீழே மாட்டிவிட்டான். மொத்தச் செலவு ஒரு நல்ல செருப்பு விலைகூட இல்லை.

அந்தப் போன் கருப்பனுடையது. மரத்திலிருந்து விழுந்தபோது சட்டைப் பையில் இருந்தது. திரை நொறுங்கிக் கறுத்துவிட்டது, மற்றபடி உயிர் இருந்தது. சிம்மும் கருப்பனுடையதுதான். புது சிம் வாங்கினால் அந்தக் கம்பெனி டவர் மலையில் எடுக்குமோ எடுக்காதோ, இது எடுக்கிற சிம். விளம்பரக் கால் வராமல் இருக்க அதைத் தன் போனில் போட்டு மெசேஜ் அனுப்பி நிறுத்தியும் வைத்தான். மற்றபடி செத்தவன் நம்பருக்கு யார் போன் பண்ணப் போகிறார்கள் என்றுதான் நினைத்தான். சாவு சொல்ல மலையூர்கள் சேர்ந்த மூன்று நாட்டுக்கும் ஆள் போனது. பங்காளி, மாமன், மச்சான், கூட வேலை செய்தவன், கடைக்காரன், ஜீப் டிரைவர் என்று ஒரு ஆள் விடாமல் சொல்லியாகிவிட்டது. கருப்பன் இல்லை என்று தெரியாத ஆள் இந்த உலகத்தில் பாக்கி இல்லை.

அப்படியானால் ஆறரைக்குக் கால் பண்ணுவது யார்? தீர்த்தகிரி அன்று மதியம் சாப்பிடவில்லை. முதலில் பலகையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். மழைக்காலம், ஈரம் ஏறியிருக்கும், எறும்பு புகுந்திருக்கும். ஈரமும் எறும்பும் கடிகாரம் பார்த்துக்கொண்டா விளக்குப் போடும் என்று உடனே அவனுக்கே தோன்றியது. அந்த வாரம் அவன் கால் பண்ணாமல் இருந்து பார்த்தான். ராணியம்மாள் நாள் தவறாமல் சேதி சொன்னாள். ஆறரைக்கு எரிகிறது, ஒன்பதுக்கு அணைகிறது. வேலை முடிந்து வந்த ஆள் விளக்கைப் போட்டு, தூங்கப் போகும்போது அணைப்பது போல அச்சாக அப்படியே.

"ஒங்கம்மா இப்பல்லாம் நல்லாத் துன்னுதுடா" என்றாள் ராணியம்மாள். "வெளக்கு எரிஞ்சதும் ரெண்டு தட்டு வெக்குது. களி கிண்டி, மொச்சக் கொழம்பு ஊத்தி, கருப்பன் தட்டுலயும் வெச்சிட்டுத்தான் தன் தட்டுல கை வெக்குது. பேசிக்கினே துன்னுது. கேக்கறப்ப எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் குலை நடுங்குது."

"மாமா இன்னா சொல்றாரு?"

"சடையனா? கல்லு நடலாம்கா, நாள் போவுதுன்னு தெனம் வந்து நிக்குது. ஒங்கம்மா ஒத்துக்கல. வூட்ல இருக்கறவன எதுக்குடா வெளிய தள்ளணும்னு கேக்குது."

சிக்கல் அங்கேதான் இருந்தது. ஈட்டிமரத்தூர்க்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் செய்தாலும் செத்தவன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக எண்ணமாட்டார்கள். சாமை விதைக்கிற கொல்லை ஓரத்தில் அவன் பேருக்கு ஒரு கல் நடவேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் வீட்டை விட்டுக் கல்லுக்குப் போவான். அப்பன் இருந்தால் அப்பன் நடுவான், இல்லையென்றால் தாய்மாமனோ மச்சானோ நடுவான். கல் நடாமல் அந்த வருசம் மண்ணில் விதை விழக்கூடாது. வைகாசியில் ஒரு மழை, ஆனியில் ரெண்டு மழை பெய்து, ஊரே சாமை விதைத்து முடித்துவிட்டது. செல்லியம்மாளின் ரெண்டு ஏக்கர் மட்டும் ஏர் படாமல் புல் மண்டிக் கிடந்தது. இன்னும் பத்து நாள் போனால் அந்த வருசத்துச் சோறு போச்சு. அதைவிடப் பெரிய பயம் தீர்த்தகிரிக்கு வேறு இருந்தது. அந்தக் கால் யாருடையது என்று கண்டுபிடித்தால் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவளுக்குக் கருப்பன் ரெண்டாம் தடவை சாவான். மறுபடி இருட்டில் உட்கார்ந்துவிடுவாள். அந்த உடம்பு இன்னொரு தடவை தாங்குமா?

சனிக்கிழமை கடையில் சொல்லிவிட்டு மேலே புறப்பட்டான். பஸ் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றது. மிச்சத்துக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டான். மழை பெய்து விட்டிருந்தது. பாதை நெடுக அழுகின பலாப்பழ வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன. ரெண்டு பக்கமும் சாமை விரல் உயரத்துக்கு முளைத்துப் பச்சையாகக் கிடந்தது. தங்கள் கொல்லையைத் தாண்டும்போது அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்மா வாசலில் பலாக்கொட்டையைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. தலை வாரி முடிந்திருந்தாள். நாலு மாதத்தில் அவளை இப்படிப் பார்த்து அவனுக்குச் சந்தோசப்படவும் முடியவில்லை.

"வாடா. அவன் வர்ற நேரம்தான். நீயும் இருந்து பாரு" என்றாள்.

"ம்" என்று உள்ளே போய் டப்பாவுக்குக் கீழே நின்றான். மூடியைத் திறந்து வைத்தான். ஆறு இருபது. அம்மா கை கழுவிக்கொண்டு வந்து ரெண்டு தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு நிமிசம் யோசித்து மூன்றாவது தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, அடுப்பில் தீயைத் தள்ளப் பின்பக்கம் போனாள். வெளியே கோழிகள் கூட்டுக்குள் இடித்துக்கொண்டு சத்தம் போட்டு அடங்கின. சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டால் நம்பர் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் விளக்கு எரியாமல் போனால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? பயமாகத்தான் இருந்தது அவனுக்கு. வயரும் ரிலேயும் தெரிந்தவனுக்கும் பயம் பயம்தான்.

டப்பாவுக்குள் பட்டென்று ஒரு சத்தம். தலைக்குமேல் பல்பு எரிந்தது. போனின் பொத்தான்கள் உள்ளே இருந்து வெளிச்சம் விட்டு மின்னின. செத்துப்போன திரைக்குக் கீழே பச்சைப் பொத்தானைத் தடவிப் பிடித்து அழுத்திக் காதில் வைத்தான்.

"டேய், எதுக்குடா எடுத்த? காசு போவுதில்ல" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

தீர்த்தகிரி போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தான்.

"கருப்பா? வேல முடிஞ்சி வந்துட்டேன். இன்னிக்கு மொளகுக் கொடிக்கு மண்ணு அணைச்சம். மழன்னா மழ, அட்டைங்க புடுங்குது. நடுவுல மூணு மாசத்துக்கு மேல ஒன் போனு செத்துக் கெடந்திச்சேடா, நான் பயந்தே போய்ட்டேன். ஒடம்பு கிடம்பு நல்லா இருக்கியா?"

"ம்" என்றான் தீர்த்தகிரி.

"அம்மா எப்டி இருக்கறா?"

"ம்."

"நான் இங்க இருக்கறத அவகிட்ட சொல்லிப்புடாதடா. நம்மூர் ஆளு எவன்கிட்டயும் மூச்சு வுடாத. சின்னவன் எப்டி இருக்கறான்? மோட்டாரு கடைலதான் இருக்கறானா? அவனுக்கு எம் மூஞ்சே நெனப்பு இருக்காது. எட்டு வயசு." அந்தப் பக்கம் இருமல் கேட்டது. "சரி வெக்கறேன். ஒம்போதுக்கு அடிக்கறேன், எடுக்காத."

பல்பு எரிந்துகொண்டே இருந்தது. தீர்த்தகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எட்டு வயதிருக்கும்போது குடகு எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போன அப்பன் காசி, லாரி கவிழ்ந்து செத்தவர்களில் ஒருவன் என்று சேதி வந்தது. உடம்பு வரவில்லை. ஒரு வருசம் பார்த்துவிட்டுத் மச்சான் முறைக்கு சடையன் மாமா கல் நட்டார். அம்மா தாலியைக் கழற்றினாள். அந்தக் கல் இருபத்திரண்டு வருசமாகக் கொல்லை ஓரத்தில் புங்கமரத்தடியில் இருக்கிறது. கருப்பனுக்குச் சாவு சொல்ல மூன்று நாட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள். சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளுக்கு. செத்துப்போனவனுக்கு யார் சாவு சொல்லுவார்கள்?

"வந்துட்டானா?" என்று களிச்சட்டியோடு அம்மா உள்ளே வந்தாள். பல்பை நிமிர்ந்து பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "ஒக்காருங்கடா ரெண்டு பேரும்."

அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். கருப்பன் தட்டில் களி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சடையன் மாமாவின் கொல்லைக்குப் போனான். மாமா மாடுகளை அவிழ்த்து மேய விட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு வயதுக்கு நன்றாக உழைத்துக் காய்ந்த உடம்பு.

"வா மாப்ள. ஒங்கம்மாகிட்ட பேசினியா? இந்த புதங்கெழம நல்ல நாளு. பேய் புடிச்ச மாதிரி பேசினு இருக்கறா. நீதான் நெஞ்சக் கெட்டியாக்கினு சொல்லணும்."

"மாமா, நைனா உசுரோட இருக்கறாரு."

மாமா கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். 'இன்னாடா ஒளர்ற' என்று கேட்கவில்லை. திடுக்கிடவில்லை. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்தத் துடைப்பிலேயே தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எங்க இருக்கறாரு?"

"தெரியுமான்னு கேட்டேன் மாமா."

மாமா மாடுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கல்லு நட்டு மூணு மாசம் இருக்கும். புளி போட்டுட்டுத் திருப்பத்தூர் பஸ்டாண்டுக்கு வர்றேன். டீக்கடைக்குப் பக்கத்துல ஒரு காலு மடங்காம நின்னுனு இருந்தாரு. மொதல்ல பேயின்னுதான் நெனச்சேன். லாரிக்கு அடில மாட்னவரு, ஒரு வருசத்துக்கு மேல ஆஸ்பத்திரில கெடந்திருக்கறாரு. பேரு சொல்லக்கூட நெனப்பு இல்லாம. நெனப்பு வந்ததும் பொறப்புட்டு வந்துட்டாரு."

"வந்தவர இன்னா பண்ணீங்க?"

"சொன்னேன்."

"இன்னான்னு?"

"மச்சான், ஒனக்குக் கல்லு நட்டாச்சி, நாந்தான் நட்டேன், அப்டின்னேன். கல்லு நட்டவன் திரும்ப ஊருக்குள்ள கால வெச்சா பூமி வெளையாது, வூட்ல இன்னொரு உசுரு போவும்னு பெரியவங்க சொல்வாங்களே, அது ஒனக்கே தெரியும்னேன். அவ்ளோதான் சொன்னேன் மாப்ள. போன்னு சொல்லல. அவரு ஒங்க ரெண்டு பேரையும் கேட்டாரு. அக்காவக் கேட்டாரு. தாலி கழட்டிட்டாளான்னாரு. ஆமான்னேன். ஒரு டீ குடிச்சாரு. ஓசூர் பஸ்ஸு நின்னுனு இருந்திச்சி, ஏறிட்டாரு."

"தடுக்க முடியலயா ஒங்களால?"

"எனக்கு அப்ப இருவத்தஞ்சி வயசுடா. பயந்துட்டேன். எனக்கா பயந்தேன்? ஒங்க ரெண்டு பேரு உசுருக்குப் பயந்தேன்." மாமாவின் குரல் உடைந்தது. "அன்னிலருந்து ஒரு நாளு நான் ஒயுங்காத் தூங்குனதில்ல. அந்தக் கல்லாண்ட போறப்பல்லாம் அவரு பின்னால நிக்கற மாதிரியே இருக்கும். கருப்பன் அவரப் பாத்துட்டானா? எப்ப?"

"தெரியல. ரெண்டு வருசமா எஸ்டேட்டுக்குப் போனானே, அப்ப இருக்கும். வேல முடிஞ்சா ஒண்ணு, தூங்கறப்ப ஒண்ணுன்னு தெனம் மிஸ்டு கால் குடுத்துக்குறாரு."

"அதான்" என்றார் மாமா மெல்ல. "செத்தவங்கூட பேசிட்டான். அதான் அவனத் தூக்கினு போய்டுச்சி."

தீர்த்தகிரிக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் கிடந்த, மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்து வீசினான். "கிள மக்கியிருந்திச்சி, முறிஞ்சி வுழுந்தான்! நான் பாத்தேன் அந்தக் கிளைய! இன்னும் எத்தினி பேர இப்டிச் சொல்லித் தொரத்துவீங்க?"

கூழில் ஈ விழுந்திருந்தது. மாமா கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"அக்காகிட்ட சொல்லப் போறியா?" என்று கடைசியில் கேட்டார்.

"சொல்லித்தான் ஆவணும்."

"நான் சொன்னதையும் சொல்லிடு" என்றார். "எனக்கு மூச்சு முட்டுதுடா."

வீட்டுக்கு வந்து, அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். டப்பா, கால், குரல், பஸ்டாண்டு, ஓசூர் பஸ் எல்லாம். சொல்லி முடித்த பிறகும் அம்மா கையில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கருப்பன் வர்ல?" என்றாள்.

"வர்லம்மா."

"ஒரு நாளு கூட வர்ல?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாவன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. சுற்றி இருந்தவர்கள் அழ, மரம் போல உட்கார்ந்திருந்தவள். இப்போது வயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. ராணியம்மாள் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இன்ன காரணம் என்று தெரியாமலே அவளும் சேர்ந்து அழுதாள். தீர்த்தகிரி இந்த டப்பாவைச் செய்த தன் கையை வெட்டிக்கொள்ளலாமா என்று நினைத்தான்.

மத்தியானத்துக்கு மேல்தான் அம்மா எழுந்தாள். முகம் கழுவினாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"பஸ்டாண்டு வரைக்கும் வந்துக்குறாரு" என்றாள் யாரையும் பார்க்காமல். "கல்லு நட்டா இன்னா? அது இன்னா மலையா? நாலு பேர வெச்சிப் புடுங்கிப் போட்டிருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டானா அந்த சடையன்? இவுரு கேட்டாரா? ஒரு டீயக் குடிச்சிட்டு ரெண்டு ஆம்பளைங்களும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க." அவள் சொம்பை ணங்கென்று கீழே வைத்தாள். "எத்தினி மணிக்கு அடிப்பாரு?"

"ஆறரைக்கு."

"எனக்கு எப்டி எடுக்கறதுன்னு காட்டு."

ஆறரைக்குப் பல்பு எரிந்தது. தீர்த்தகிரி பச்சைப் பொத்தானை அமுக்கி அம்மாவின் காதில் வைத்தான். பழைய போன், உள்ளே பேசுவது பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்டது.

"மறுபடி எடுக்கறியேடா. இன்னா ஆச்சி ஒனக்கு?"

"கருப்பன் இல்ல. நான் செல்லி பேசறேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் வந்தது.

"வெக்காத. வெச்சீன்னா நான் மனுசியா இருக்கமாட்டேன்."

"வெக்கல" என்றது குரல், அவ்வளவு சின்னதாக.

"உசுரோடதான் இருக்கறியா?"

"இருக்கறேன். பையன் சொல்லிட்டானா?"

"அவன் எங்க சொல்றது." அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "யோவ், நம்ம கருப்பன் போய்ட்டான்யா. மாசில, புளிமரத்துலருந்து வுழுந்து போய்ட்டான். மூணு நாட்டுக்கும் ஆள் அனுப்பி சாவு சொன்னம். ஒனக்குத்தான் சொல்லல. நீ மொதல்லயே செத்தவன்னு வுட்டுட்டம்."

போனுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைத் தீர்த்தகிரி பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அது ஓய்ந்த பிறகு பேசினாள்.

"அழுவாத. கேளு. அவனுக்குக் கல்லு நடணும். அப்பன் உசுரோட இருக்கறப்ப மாமன் கை வெக்கக்கூடாது. பொறப்புட்டு வா."

"நான் எப்டி செல்லி வர்றது? எனக்குத்தான் அங்க..."

"கல்லு இருக்குது. தெரியும். அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனவ நான். வான்னு கூப்படறதும் நான்தான். பூமி வெளையலன்னா நான் பட்டினி கெடக்கறேன். உசுரு போவும்னா போன உசுரு போய்டுச்சி. இனிமே இன்னா போவப் போவுது?"

பதில் வருவதற்குள் கால் அறுந்துவிட்டது. மறுபடி வரவில்லை. ஒன்பது மணிக்கும் வரவில்லை. பல்பு விடியும்வரை எரிந்தது, காலையில் தீர்த்தகிரி சுவிட்சில் அணைத்தான். திங்கட்கிழமை ஆறரைக்கும் எதுவும் வரவில்லை. கருப்பன் நம்பருக்கு அப்புறம் கால் என்பதே இல்லை. இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. தீர்த்தகிரி எழுந்திருக்கும் முன்னால் அம்மாவே எழுந்து போய், கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டாள். அப்பன் வந்துகொண்டிருக்கிறாரா, வேறு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவன்தான் வாசலுக்கும் பாதைக்கும் நடந்துகொண்டிருந்தான்.

புதன்கிழமை பதினோரு மணி வாக்கில் ராணியம்மாள் கத்தினாள். பஸ் பாதையிலிருந்து ஊருக்குள் வராமல், கொல்லைகள் ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். உரச்சாக்கில் தைத்த பை தோளில் தொங்கியது. இடது கால் மடங்காமல் அரைவட்டம் போட்டு வந்தது. ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். சிலர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அந்த ஆள் யாரையும் பார்க்காமல் நேராகப் புங்கமரத்தடிக்குப் போய், பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்.

செல்லியம்மாள் சோற்றுக்கூடையோடு கொல்லைக்குப் போனாள். பத்தடி தூரத்தில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. "குழி வெட்டுடா" என்றாள் தீர்த்தகிரியிடம்.

ஓடையிலிருந்து தூக்கி வந்திருந்த கல், முழங்கால் உயரம். தீர்த்தகிரி கடப்பாரையால் குழி எடுத்தான். சடையன் மாமா தூரத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கிட்டே வரவில்லை. காசி ஒரு காலை நீட்டி ஒரு காலில் மண்டியிட்டார். கல்லை ரெண்டு கையாலும் தூக்கிக் குழியில் இறக்கினார். மண்ணைத் தள்ளினார். அதைத் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டே இருந்தார், போதும் என்று யாராவது சொல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் தட்டியிருப்பார்.

"போதும் நைனா" என்றான் தீர்த்தகிரி.

காசி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மண் ஒட்டிய கையை அவன் தோள்வரைக்கும் கொண்டுவந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார்.

செல்லியம்மாள் கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். கூடையிலிருந்து பூவரச இலைகளை எடுத்து, வரிசையாக இருந்த கற்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டாள். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, காசியின் கல்லுக்கு ஒன்று, கருப்பனுக்கு ஒன்று. ஒவ்வொரு இலையிலும் சாமைச் சோறு வைத்து, பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள். கருப்பன் இலையில் மட்டும் ரெண்டு கை அதிகம் வைத்தாள். புங்கமரத்தில் காக்கைகள் வந்து உட்கார்ந்தன.

காசி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நான் கெளம்பறேன் செல்லி. மூணு மணிக்கு பஸ்ஸு இருக்குதாம்" என்றார்.

"எங்க கெளம்பற?"

"நட்டாச்சே. நீங்க வெதைங்க. நான் இங்க நிக்கக்கூடாது."

செல்லியம்மாள் அவர் தோளிலிருந்து பையைப் பிடுங்கித் தீர்த்தகிரியிடம் கொடுத்தாள். காசியின் கல்லுக்கு முன்னாலிருந்த இலையைக் காட்டினாள்.

"வருசா வருசம் வெதைக்கறதுக்கு முன்னாடி ஒனக்கு இங்க சோறு போடறேன். இருவத்திரெண்டு வருசம். எல்லாத்தையும் காக்காதான் துன்னுட்டுப் போய்க்குது. ஒக்காரு. இதையாவது நீ துன்னு."

காசி வேலிப் பக்கம் பார்த்தார். வாசல்களில் நின்ற ஜனங்களைப் பார்த்தார். பிறகு தன் கல்லுக்கு எதிரில், ஊனக்காலை நீட்டிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணீர் மூக்கில் வழிந்து இலையில் சொட்டியது. துடைக்காமல் அடுத்த வாய் எடுத்தார்.

செல்லியம்மாள் எதிரில் குந்தி உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள்.